பெற்றவள் உரிமை

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறுவோருள் பிள்ளைப்பேறு வேண்டிச் செல்வோர் என்றும் உண்டு. ஆனித் திருவிழாக் காலத்தில் அவர்தம் தொகை பெருகும். மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் மடி நிறையாத மகளிர் நாகபூஷணி அம்மன் சந்நிதியில் நேர்த்தி வைத்து மீள்வர். வரம் வாய்த்தவர் குழந்தையைத் தோளிற் சுமந்து மறுபடி வருவர். வரம் வாய்க்காதவர் முன்னாளில் என் செய்தனர்? உறவினர் மனையிற் பிறந்த பிள்ளையொன்றைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தனர். இந்நாளிலோ மருத்துவம் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. கணவன் மனைவியரின் உயிரணுக்களை ஆய்கூடத்திற் சேர்த்து உண்டாக்கிய கருவை வேறொரு பெண்ணின் வயிற்றில் வளர்த்து, பிறந்த குழந்தையை அத்தம்பதியரிடம் ஒப்புவிப்பதே அவ்வழி. அப்பெண்ணை உலகம் ‘வாடகைத் தாய்’ என்று அழைக்கிறது.

பத்துத் திங்கள் சுமந்து, நொந்து, பெற்று, பிறர் கையிற் கொடுக்கும் அப்பெண்ணுக்கு உரிய உரிமைகள் யாவை? இவ்வினா புதிய மருத்துவத்தோடு பிறந்ததெனத் தோன்றினும் இதன் வேர் பழையது. ஒருத்தி பெற்ற பிள்ளை மற்றொருத்தியின் பிள்ளையாவது எவ்வாறு, அதற்கு எவர் சம்மதம் வேண்டும், எவர் சாட்சியாக நிற்றல் வேண்டும் என்பவற்றை யாழ்ப்பாணத்துச் சட்டம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தது. அவ்வரலாற்றை அறிந்தபின் இன்றைய வினாவை அணுகுவது தெளிவு தரும்.

தாய்மையின் கூறுகளைப் பிரித்தறிவது தமிழர்க்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களிற் பெற்றவள் நற்றாய் எனவும், வளர்த்தவள் செவிலித்தாய் எனவும் வேறு வேறாகப் பேசப்படுவர். மகளைப் பிரிந்த துயரம் இருவர்க்கும் உரியதாகவே அங்கு காட்டப்படுகிறது. பெறுதலும் வளர்த்தலும் இருவர்பால் அமையலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயினும் கருவை உண்டாக்குதலும் அதனைச் சுமத்தலும் இருவர்பால் அமையும் என்று எவரும் எண்ணியிருத்தல் இயலாது. அந்த மூன்றாவது பிரிவே நம் காலத்து மருத்துவம் செய்த புதுமை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவுகள் யாவும் யாழ்ப்பாண நிருவாகத்தின் கீழ் இருந்தன. அத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை ஒல்லாந்தர் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும் அவர் ஏடுகளில் எழுதப்பட்டன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது. மக்கள் அப்பெயர்களை வாயில் வழங்கவில்லை; தம் வழமையையும் விட்டுவிடவில்லை. குடிகளிடையே எழும் வழக்குகளை எவ்விதிகொண்டு தீர்ப்பது என்று அறியாது இடர்ப்பட்ட ஒல்லாந்த அதிகாரிகள், அவ்வழமைகளைத் தொகுத்து எழுதுவிக்க முற்பட்டனர்.

தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சிமோன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியைச் செய்து முடித்தார். 1707ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிறைவுற்ற அத்தொகுப்பே தேசவழமை. அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டப்பட்டது. அவர்கள் அதனை வாசித்து, நாட்டு வழமைக்கு ஒத்ததே என ஒப்பினர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணம் அதற்குச் சட்ட வலிமை அளித்தது. சொத்துரிமை பற்றிய அதன் விதிகள் பிற்காலத் திருத்தங்களோடு வடமாகாணத் தமிழரிடையே இன்றும் நடைமுறையில் உள்ளன.

அத்தொகுப்பின் ஒரு பகுதி பிள்ளை ஏற்றல் பற்றியது. பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்க விரும்புவோர், தமக்குப்பின் முதுசத்துக்கு உரிமையுடைய உறவினரிடம் முதற்கண் சம்மதம் பெறுதல் வேண்டும். பின்னர் சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் பருகுதல் வேண்டும். அச்சடங்கு நிறைவேறியவுடன் அப்பிள்ளை ஏற்றவர்களின் வாரிசாகும். பெற்றவர்களின் சொத்தில் அதற்கிருந்த உரிமை நீங்கும். ஒரு கிண்ணம் மஞ்சள் நீர் பிள்ளையை ஒரு குடியிலிருந்து மற்றொரு குடிக்கு மாற்றியது.

இவ்விதியின் சிறப்பு அதன் வெளிப்படைத் தன்மை. பிள்ளை கைமாறுவது நாலு சுவர்களுக்குள் நிகழும் இரகசியச் செயலாக இருக்கவில்லை. ஊரார் அறிய, உறவினர் காண, அது நிகழ்ந்தது. நாளை எவரும் வந்து இப்பிள்ளை எவருடையது என்று வழக்காட இடமில்லை. பெற்றவள் யார் என்பதும் ஊரறிந்த செய்தியாகவே நிலைத்தது. தீவுகள் போன்ற சிறு நிலப்பரப்பில், ஒருவரை ஒருவர் அறிந்த குடிகளிடையே, அந்த ஊரறிவே பெரும் காவலாயிற்று.

எனினும் அவ்விதி எவர் நலனைக் கருதி எழுந்தது என்று நோக்குதல் வேண்டும். சம்மதம் கேட்கப்பட வேண்டியவர் யாவர் என்பதை வகுத்தபோது சட்டத்தின் கண் சொத்தின்மீதே பதிந்திருந்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துக்களையும் தேசவழமை நுணுகி ஆராய்கிறது. பெண்ணுக்குச் சீதனமாக வந்த நிலம் அவள் உடைமை என்பதை அது வலியுறுத்துகிறது. அவள் வயிற்றிற் பிறந்த பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் மனம் எவ்வாறு அறியப்படும், அவள் மறுத்தால் யாது நிகழும் என்பவற்றுக்கு அது அத்தகைய நுணுக்கம் காட்டவில்லை. அதனை வாசித்து ஒப்பிய பன்னிருவரும் ஆடவரே.

தேசவழமையின் மற்றொரு பகுதி இதனினும் கொடியதோர் உண்மையைக் காட்டுகிறது. அது அடிமைகளைப் பற்றியது. அடிமைப் பெண் ஈன்ற மக்கள் அவளுடைய எசமானுக்கே உரியர் என்பது அக்காலத்து விதி. தந்தை வேறொருவரின் அடிமையாயினும் பிள்ளை தாயின் எசமானையே சேரும். பெற்றவள் பெயரளவில் தாய். பிள்ளைமீது உரிமையோ பிறருக்கு. அடிமைநிலை தாய்வழியே இறங்கியமையால், 1821ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு, யாழ்ப்பாணத்து அடிமைத் தாயர்க்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை எசமானர்க்குப் பணம் செலுத்தி விடுவிக்கும் ஒழுங்கினை மேற்கொண்டது. அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயே. பெண்ணின் கருப்பையைப் பிறர் உடைமையாகக் கணக்கிட்ட காலம் இந்நாட்டில் இருந்தது என்பதை மறத்தல் கூடாது. வாடகைத் தாய்மை பற்றிய ஆராய்ச்சியில் உரிமை என்னும் சொல்லை அழுத்திக் கூறுவதற்கு இவ்வரலாறே போதிய காரணம்.

காலப்போக்கில் மஞ்சள் நீர்ச் சடங்கு வழக்கொழிந்தது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டம், சாட்சிகளின் இடத்தில் நீதிமன்றத்தை அமர்த்தியது. பெற்றோரின் சம்மதத்தை ஆராய்ந்து, பிள்ளையின் நலனைக் கருதி, நீதிபதி கட்டளை வழங்குவார். கட்டளை பெற்ற பிள்ளை, ஏற்றவர்க்கு முறைப்படி பிறந்த பிள்ளையாகவே கொள்ளப்படும். ஊரறிவு அளித்த காவலை இனி எழுத்தும் முத்திரையும் அளிக்கும் என்பது அச்சட்டத்தின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு பின்னாளிற் பொய்த்த கதை இலங்கை வரலாற்றின் துயரமான பக்கங்களுள் ஒன்று. 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பின் பெயரால் அனுப்பப்பட்டனர். அத்தொகை பதினோராயிரம் வரை இருக்கலாம் என்பது பரவலாகக் கூறப்படும் கணிப்பு. அவர்களுட் பலருடைய பத்திரங்கள் போலியானவை என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. வறுமையுற்ற தாயரிடமிருந்து தரகர்கள் குழந்தைகளைப் பெற்றனர். நீதிமன்றத்திலும் பிற அலுவலகங்களிலும் பெற்ற தாயாக நடித்துக் கையொப்பமிட வேறு பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். மெய்த்தாய் எங்கோ அழுதுகொண்டிருக்க, நடிப்புத் தாய் சம்மதம் அளித்தாள். வளர்ந்து பெரியவராகித் தம் தாயைத் தேடி இலங்கைக்கு வந்தோர் பலர், பத்திரத்திற் கண்ட பெயருக்கும் தமக்கும் யாதொரு இரத்த உறவும் இல்லை என்பதை மரபணுப் பரிசோதனையால் அறிந்து உள்ளம் உடைந்தனர்.

2017ஆம் ஆண்டில் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இச்செய்திகளை வெளிக்கொணர்ந்தது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு அமைத்த குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளில் பெரும் முறைகேடுகள் இருந்தன என அறிக்கை அளித்தது. வெளிநாட்டு மகவேற்பை அந்நாடு அப்பொழுது இடைநிறுத்தியது. யாழ்ப்பாணத்தாரின் மஞ்சள் நீர் வழக்கத்தை ஏட்டில் எழுதி வைத்த அதே நாடு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், பெற்றவள் அறியாமற் பிள்ளைகள் கைமாறிய வரலாற்றை எழுத நேர்ந்தது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. 1993ஆம் ஆண்டில் ஹேக் நகரில் உருவான நாடுகளுக்கிடையிலான மகவேற்பு உடன்படிக்கை, தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும் என விதித்தது. சுமக்குங்காலத்து அச்சமும் வறுமையும் நெருக்க அளிக்கும் சொல்லை இறுதிச் சொல்லாகக் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. அவ்வுடன்படிக்கையை முதலில் ஏற்ற மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

இப்போது வாடகைத் தாய்மையை நோக்குவோம். இங்கே நிலைமை தலைகீழாக அமைகிறது. மகவேற்பிற் சம்மதம் பிறப்பின் பின்னர் வருகிறது. வாடகைத் தாய்மையிலோ கரு வயிற்றில் அமைவதற்கு முன்னரே ஒப்பந்தம் எழுதப்படுகிறது. தான் இன்னும் காணாத பிள்ளையை, இன்னும் அறியாத நோவுக்கு முன்னரே, கொடுப்பதாக ஒருத்தி வாக்களிக்கிறாள். அவ்வாக்கு அவளைக் கட்டுமா? சட்டங்கள் பலவாறு விடை கூறியுள்ளன.

உரோமர் வகுத்த பழைய நீதியொன்று, தந்தை யார் என்பதில் ஐயம் எழலாம், தாய் யார் என்பதில் ஐயமில்லை என்று கூறிற்று. உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் வழியே அக்கொள்கை இலங்கைக்கும் வந்தது. 1978ஆம் ஆண்டு யூலைத் திங்களில் இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது, கரு உடலுக்கு வெளியே உருவாகலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. ஒருத்தியின் சினையிலிருந்து உருவான கருவை மற்றொருத்தி சுமக்கலாம் என்னும் நிலை அதன்வழி வந்தது. அன்றே உரோமரின் நீதி ஐயத்துக்கு உள்ளாயிற்று.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1986ஆம் ஆண்டில் ஒரு பெண், பத்தாயிரம் டொலருக்கு உடன்பட்டுப் பெற்ற குழந்தையைக் கொடுக்க மனமின்றி மறுத்தாள். அக்குழந்தை அவளது சொந்தச் சினையிலிருந்தே உருவானது. 1988ஆம் ஆண்டில் அம்மாநில உயர் நீதிமன்றம், பணத்துக்காகச் செய்த அவ்வொப்பந்தம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. குழந்தை தந்தையிடம் வளர்வதே அதன் நலனுக்கு ஏற்றது எனக் கண்ட நீதிமன்றம், பெற்றவளின் தாய்மையை அழிக்க மறுத்து, குழந்தையைக் காணும் உரிமையை அவளுக்கு உறுதி செய்தது. இங்கிலாந்திலோ சுமந்து பெற்றவளே சட்டப்படி தாய். பிறந்து ஆறு வாரம் கழிந்த பின்னர் அவள் அளிக்கும் சம்மதத்தின் மேலேயே பெற்றோருரிமை மற்றவர்க்கு மாற்றப்படும்.

இந்தியாவின் அனுபவம் நமக்கு அண்மையது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் வாடகைத் தாய்மைக்கு உலகப் புகழ் பெற்றது. செல்வ நாடுகளின் தம்பதியர் அங்கு வந்தனர். வறிய குடும்பத்துப் பெண்கள் சுமந்தனர். 2008ஆம் ஆண்டில் யப்பானியத் தம்பதியர் ஒருவர்க்காக ஒரு குழந்தை அங்கு பிறக்குமுன்னரே அத்தம்பதியர் மணமுறிவு பெற்றனர். எந்நாட்டுக்கும் உரியதாகாது நின்ற அக்குழந்தையின் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மறுஆண்டில் செருமானியத் தம்பதியர்க்காகப் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் வழக்கில், சுமந்து பெற்ற இந்தியப் பெண்ணையே தாயாகக் கொண்டு, குழந்தைகள் இந்தியக் குடிகளே எனக் குஜராத் உயர் நீதிமன்றம் கூறிற்று.

நெடிய விவாதத்தின் பின் 2021ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் வாடகைத் தாய்மை ஒழுங்குபடுத்தற் சட்டத்தை இயற்றியது. 2022ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பணம் பெற்றுச் சுமத்தல் அதன்படி குற்றம். சுமப்பவள் மணமாகியவளாகவும், தன் பிள்ளையொன்றைப் பெற்றவளாகவும், 25க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதினளாகவும் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே சுமக்கலாம். மருத்துவ இடர்களை அவளுக்கு விளக்கி, அவள் அறிந்த மொழியில் எழுத்துமூலச் சம்மதம் பெறுதல் வேண்டும். கரு வயிற்றில் அமைக்கப்படும்வரை அவள் மனம் மாறலாம். கருவைக் கலைக்க எவரும் அவளை நெருக்கலாகாது. பேற்றின் பின் வரும் நோய்களுக்காக முப்பத்தாறு மாதக் காப்புறுதி செய்து கொடுத்தல் வேண்டும்.

இவை பாராட்டத்தக்கவை. எனினும் அச்சட்டத்திலும் குறையுண்டு. கரு அமைந்த கணத்தோடு அவள் மனம் மாறும் உரிமை முடிகிறது. குழந்தை பிறந்த பின் அவளிடம் கேட்க எதுவும் இல்லை. மருத்துவர்க்கும் மருத்துவமனைக்கும் கட்டணம் உண்டு. சுமந்தவளுக்கு மருத்துவச் செலவுக்கும் காப்புறுதிக்கும் சட்டம் அனுமதிக்கும் ஏனைய செலவுகளுக்கும் மேல் ஊதியம் இல்லை. உழைப்பைச் சுரண்டாது காத்தல் வேறு, உழைப்பை மதியாது விடுதல் வேறு என்று கூறுவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

இலங்கையிலோ 2024ஆம் ஆண்டு வரையில் இப்பொருள்பற்றித் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பெற்றவளே தாயெனப் பதியப்படுவாள். பிறர் அப்பிள்ளைக்குப் பெற்றோராக வேண்டின் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே செல்லுதல் வேண்டும். ஒருத்தி பணம் பெற்றுச் சுமந்தாளாயின், அவளைக் காக்கத் தனி விதியில்லை. கருவுற்ற காலத்தில் அவள் உடல் நலிந்தால், தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைப்பை ஒப்பாத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே அவள்மேல் நிற்கிறது.

தீவகத்து மக்களுக்கு இவ்வினா தொலைவிலுள்ள ஒன்றன்று. 1990ஆம் ஆண்டிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த தீவகத்தார் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் பரந்து வாழ்கின்றனர். ஒரே வளவிற் பிறந்த உடன்பிறப்புகள் நான்கு நாட்டுச் சட்டங்களின் கீழ் வாழ்கின்றனர். பிரான்ஸ் 1994ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. சுவிற்சர்லாந்து தன் அரசியலமைப்பிலேயே வாடகைத் தாய்மையைத் தடை செய்துள்ளது. கனடா, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணத்துக்காகச் சுமத்தலை விலக்கி, செலவினத்தை மட்டும் ஈடுசெய்ய இடமளிக்கிறது. தடையுள்ள நாட்டினர் தடையற்ற நாட்டை நாடுவர். சட்டமற்ற நாடு அவர் கண்ணுக்கு எளிய வழியாகத் தோன்றும். போரினால் கணவனை இழந்து குடும்பம் தாங்கும் பெண்கள் நிறைந்த வடபுலத்தில், அவ்வெளிய வழி எவர் வறுமையின் மேல் அமையும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பிள்ளைப்பேற்றின் விலையைத் தீவகப் பெண்கள் நன்கறிவர். நெடுந்தீவிலே பேறு சிக்கலானால் கர்ப்பிணியைக் கடல் கடந்தே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கச்சான் காற்று வீசுங்காலத்தில் அப்பயணம் எத்துணை அச்சத்துக்குரியது என்பது அங்குள்ளார் அறிந்தது. பேற்றின் பின்னரோ, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பெற்றவளுக்குப் பத்தியக் கறியும், ஓய்வும், மூத்த பெண்களின் துணையும் அளிப்பது யாழ்ப்பாணத்து மரபு. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாது, பெற்றவள் உடல் தேறினாளா என்று கேட்கும் மரபு அது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறும் மடியோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த முப்பத்தொரு நாளை யார் அளிப்பது? சட்டம் இயற்றுவோர் முதலில் விடை கூற வேண்டிய வினா இதுவே.

ஆகவே இந்நாட்டில் என்றேனும் ஒரு சட்டம் வரையப்படுமாயின், அது பெற்றவளிடமிருந்து தொடங்குதல் வேண்டும். அவள் மொழியில், அவள் சார்பில் நிற்கும் மருத்துவரும் வழக்கறிஞரும் விளக்கிய பின்னரே சம்மதம் பெறுதல், சுமக்குங்காலத்தில் தன் உடலைப்பற்றிய முடிவு அவளுடையதாக இருத்தல், பேற்றின் பின் அமைதியாக எண்ணிப் பார்க்கச் சில வாரங்களேனும் அளித்தல், நெடுநாள் மருத்துவக் காப்பு அமைத்தல், அவள் மெய்ப்பெயரைப் பதிவேட்டிற் காத்து வளர்ந்த பிள்ளை அறிய வழி செய்தல், ஒப்பந்தம் பிழைத்தால் தண்டனை தரகர்க்கன்றி அவளுக்கு இல்லை எனத் தெளிவாக்கல் ஆகியவை அதன் அடிப்படைகளாதல் தகும். பிள்ளையை வேண்டி நிற்கும் தம்பதியரின் துயரமும் மெய்யானது. அத்துயரைத் துடைக்கும் கை மற்றொருத்தியின் துயரத்தை உண்டாக்காதிருக்க இவ்விதிகள் வேண்டும்.

தேசவழமை தந்த மஞ்சள் நீர், பிள்ளை கைமாறுவதை ஊரறியச் செய்தது. அதன் நன்மையை நடிப்புத் தாயர் கையொப்பமிட்ட காலம் நமக்கு உணர்த்திற்று. அதன் குறையோ, வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்ட அளவுக்குப் பெற்றவளின் மனத்தைக் கேட்டு எழுதாமை. வருங்காலச் சட்டம் முன்னதைக் கைக்கொண்டு பின்னதை நிறைவு செய்யுமாயின், நயினாதீவுக்கு நேர்த்தியோடு படகேறும் பெண்ணுக்கும், அவளுக்காகச் சுமக்க உடன்படும் பெண்ணுக்கும் ஒருங்கே நீதி கிடைக்கும்.